எல்லோரும் மெக்சிகன் இல்லை

ஹூஸ்டனுக்குப் புதிதாக வரும் தமிழருக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, மீனாட்சி கோவிலுக்கு எவ்வளவு தூரம், பொன்னி அரிசி எங்கே மலிவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். நடுவில் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பக்கம் மட்டும் வேணாங்க, மெக்சிகன்ஸ் ஜாஸ்தி" என்று ஒன்று வரும். சொல்கிறவர்கள் ஒன்றும் பொல்லாதவர்கள் இல்லை. விமான நிலையத்துக்கே வந்து பெட்டி தூக்கி, முதல் வாரம் முழுக்க சாம்பார் கொடுத்தனுப்பியவர்கள்தான்.

எங்களுக்கு வாடகை கட்டுப்படியானது "அந்தப் பக்கம்" மட்டுமே என்பதால், தென்மேற்கு ஹூஸ்டனில் ஒரு மாடிக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம். மெக்சிகன்ஸ் ஜாஸ்தியா என்று பார்த்தால், எதிர்வீட்டில் எல் சால்வடோர், கீழே ஹோண்டுராஸ், பக்கத்தில் வெனிசுவேலாவிலிருந்து வந்த இளம் தம்பதி, மூலை வீட்டில் கொலம்பியாக்காரர் ஒருவர். மெக்சிகோ வம்சாவளி என்று சொல்ல ஒரே ஒரு பெரியவர் இருந்தார். அவரும் மெக்சிகோவிலிருந்து வந்தவர் இல்லை. டெக்சாஸ் மெக்சிகோவின் கையில் இருந்த காலத்திலிருந்தே அவர் குடும்பம் சான் அன்டோனியோ பக்கம்தான் இருக்கிறது. 1836இல் டெக்சாஸ் தனி நாடாகப் பிரிந்தபோது, இடைக்கால அரசின் துணை அதிபராக இருந்த லொரென்சோ டி சவாலாவே மெக்சிகோவின் யுகட்டானில் பிறந்தவர். பெட்ரோல் பங்கில் யாரோ ஒருவன் பெரியவரைப் பார்த்து "உன் ஊருக்குத் திரும்பிப் போ" என்று கத்தினானாம். "மூன்று மணி நேரம்தானே, போய்விட்டு சாயங்காலம் வந்துவிடுகிறேன்" என்றாராம் இவர்.

இத்தனைக்கும் அவருக்கு ஸ்பானிஷ் சரளமாக வராது. பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் அடி விழுந்த தலைமுறை. அமெரிக்காவில் வாழும் லத்தீனோக்களில், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஸ்பானிஷில் உரையாட வராது என்று படித்தபோது எனக்கு நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். பாட்டியிடம் பேச முடியாத பேரனை அவர்கள் வீட்டிலும் கேலி செய்கிறார்கள்.

அந்தக் குடியிருப்பில் யார் யார் எப்படி என்று சரியாகத் தெரிந்தது பெரில் புயலின்போதுதான். 2024 ஜூலை 8ஆம் தேதி அடித்த அந்தப் புயலில் ஊர்ப்பக்கம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்களுக்கு நாட்கணக்கில் வரவில்லை. ஏசி இல்லாத ஹூஸ்டன் ஜூலை எப்படி இருக்கும் என்று சென்னைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அடுப்பும் மின்சார அடுப்பு. ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் இளக ஆரம்பித்ததும், எதிர்வீட்டு அக்கா கரி அடுப்பை முற்றத்துக்கு இழுத்து வந்து, மேலே ஒரு பெரிய தட்டைக் கல்லைப் போட்டார். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தின் மாவை உள்ளங்கையில் குழித்து, உள்ளே பாலாடைக்கட்டியும் மசித்த பீன்ஸும் வைத்து மூடி, போளி தட்டுகிற மாதிரி இரண்டு கைக்கும் மாற்றி மாற்றித் தட்டிக் கல்லில் போட்டார். அதுதான் புபூசா. தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய முட்டைக்கோஸ். எங்கள் வீட்டு இட்லி மாவு புளித்துப் பொங்கிக் கிடந்தது; அதே கல்லில் ஊத்தப்பம் வார்த்தேன்.

சண்டை உடனே ஆரம்பித்தது. புபூசா எங்கள் ஊர்ப் பண்டம் என்றார் கீழ்வீட்டு ஹோண்டுராஸ்காரர். அக்கா கரண்டியை ஓங்கினார். விளையாட்டுதான், ஆனால் அடியில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1969 ஜூலையில் இந்த இரண்டு நாடுகளும் நாலு நாள் நிஜமாகவே போரிட்டன. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களை ஒட்டி மூண்டதால் அதற்குக் கால்பந்துப் போர் என்று பெயர் நின்றுவிட்டது. பந்து ஒரு சாக்கு. நிலமில்லாமல் ஹோண்டுராஸில் குடியேறியிருந்த சால்வடோர் விவசாயிகளை அந்த நாடு வெளியேற்றத் தொடங்கியதுதான் மூலக் காரணம். இந்தப் பக்கம் இது நடக்கும்போதே, அந்தப் பக்கம் வெனிசுவேலா தம்பதியும் கொலம்பியாக்காரரும் அரேபா என்ற சோள ரொட்டி யாருடையது என்று ஆரம்பித்திருந்தார்கள். காவிரியைப் பற்றி ஒரு கன்னடரும் தமிழரும் பேசுவதைக் கேட்டு "இந்தியர்கள் ஒற்றுமையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? இவர்களை மொத்தமாக மெக்சிகன் என்பதும் அப்படித்தான்.

காரம் இன்னொரு கதை. லத்தீனோ என்றால் மிளகாய் தின்பவர்கள் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அக்கா என் எலுமிச்சை ஊறுகாயை நுனி நாக்கில் தொட்டுவிட்டு அரை பாட்டில் தண்ணீர் குடித்தார். மெக்சிகோவில் பல ஊர்களில் காரம் உண்டு. எல் சால்வடோர் சமையலில் பெரிதாகக் கிடையாது. மிளகாயே உங்கள் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் கப்பலில் எங்களுக்கு வந்ததுதான் என்று சொன்னேன். "அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அவருக்கு சல்சாவும் ஆடத் தெரியாது. அவர் போகும் பெந்தெகொஸ்தே சபையில் ஆட்டம், மது இரண்டும் ஆகாது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரியான எனக்கு அந்த சபையின் ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கி ஒன்றும் புதிதில்லை. லத்தீனோக்கள் எல்லாரும் கத்தோலிக்கர் என்பதும் இப்போது பொருந்தாது. அமெரிக்காவில் 2010இல் மூன்றில் இருவர் அப்படி இருந்தார்கள். 2022 கணக்கில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

சரி, இதெல்லாம் சாப்பாடும் சபையும். எனக்குக் கோபம் வருவது "பேப்பர் இருக்கா?" என்ற கேள்வியில். எங்கள் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், எதிர்வீட்டைக் கண்ணால் காட்டி இதைத்தான் கேட்டார். அமெரிக்க லத்தீனோக்களில் ஐந்தில் நால்வர் இந்த நாட்டுக் குடிமக்கள். அக்காவின் மகன் ஹூஸ்டனிலேயே பிறந்தவன். கேள்வி கேட்டவர் கையில் இருப்பதோ மூன்று வருட எச்1பி வேலை விசா. வேலை போனால் 60 நாளில் வேறு வேலையோ விமான டிக்கெட்டோ பார்க்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், குடிமகனின் வீட்டைப் பார்த்துக் காகிதம் கேட்கிறார்! அக்காவிடம் இருப்பதும் காகிதம்தான். 2001 நிலநடுக்கங்களுக்குப் பிறகு எல் சால்வடோர்காரர்களுக்கு அமெரிக்கா கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பு. பெரும்பாலும் 18 மாதத்துக்கு ஒருமுறை என்று நீட்டித்து நீட்டித்து, தற்காலிகமாகவே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. புதுப்பிக்கும் தேதி நெருங்கும்போது அவர் முகம் எப்படி மாறும் என்பது கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் தெரியும்.

நண்பர்களில் கொஞ்சம் நல்ல மாதிரி பேசுகிறவர்கள் வேறொன்று சொல்வார்கள்: "பாவம், என்ன ஒரு கடின உழைப்பாளிங்க!" சோம்பேறி என்ற பழைய வசைக்கு இது பதில் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வசை பொய் என்பது உண்மை. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி கணக்கில், ஆண்டுக்கு அதிக மணி நேரம் வேலை செய்வோர் பட்டியலின் உச்சியில் மெக்சிகோ வழக்கமாக இருக்கும். ஆனால் இந்தப் பாராட்டு எனக்கு ஒட்டவில்லை. ஆகஸ்ட் வெயிலில் கூரை மாற்றுகிறவரைக் கீழே நிழலில் நின்று மெச்சிவிட்டு அங்கேயே விட்டுவிடுகிற பாராட்டு அது. டாலஸிலும் ஆஸ்டினிலும் கட்டுமானத் தொழிலாளருக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு தர வேண்டும் என்று நகர விதி இருந்தது. இப்படிப்பட்ட உள்ளூர் விதிகளைச் செல்லாமல் ஆக்கும் சட்டத்தை 2023இல் டெக்சாஸ் மாநிலம் கொண்டுவந்தது. நாட்டின் கட்டுமானத் தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் லத்தீனோ. பாராட்டுக்குக் குறைவில்லை, பத்து நிமிட நிழலுக்குத்தான் தகராறு.

மறுபக்கம் நாசா பட்டியலை நீட்டுவது எளிது, இதே ஊர்தான் என்பதால் ஆசையும் வரும். 1993இல் விண்வெளி சென்ற முதல் லத்தீனப் பெண் எல்லன் ஓச்சோவா, பிறகு 2013 முதல் 2018 வரை இங்குள்ள ஜான்சன் விண்வெளி மையத்தின் இயக்குநர். கோஸ்டா ரிக்காவில் பிறந்த ஃபிராங்க்ளின் சாங்-டியாஸ் ஏழு முறை விண்வெளிக்குப் போனவர். பெயரில் இருக்கும் சாங், சீனத் தாத்தா வழி வந்தது. சிறுவயதில் கலிஃபோர்னியா வயல்களில் வேலை செய்த ஹோசே ஹெர்னாண்டஸ் 2009இல் போனார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு சமூகத்தை மதிக்க அதிலிருந்து ஒரு விண்வெளி வீரரைக் காட்டு என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காவின் தங்கை ஒரு பல் மருத்துவமனையில் கணக்கு பார்க்கிறார். வெனிசுவேலாக்காரர் ஊரில் பெட்ரோலியப் பொறியாளர், இங்கே உணவு டெலிவரி செய்கிறார், சமைக்கச் சொன்னால் முகம் சுளிப்பார், பயங்கரச் சோம்பேறி. அவருக்கு அதற்கும் உரிமை உண்டு.

எங்களைப் பற்றி அக்காவுக்கு இருக்கும் அபிப்பிராயங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்தியர் என்றால் பணக்காரர், கறி சாப்பிட மாட்டார், கணினியை விழுங்கியவர், கணக்கில் புலி. நான் மட்டன் சுக்கா கொடுத்த நாளில் இரண்டாவது போயிற்று. வாடகையை நாங்களும் இழுத்துப் பிடித்துத்தான் கட்டுகிறோம் என்று தெரிந்ததும் முதலாவதும் போயிற்று. மற்ற இரண்டும் அசையவில்லை. மகனுக்கு அல்ஜீப்ரா சொல்லித்தர என் கணவரிடம்தான் அனுப்புகிறார். இவர் இன்ஜினியரிங்கில் எம்-3 என்ற கணிதத் தாளின் அரியரைக் கடைசி செமஸ்டர் வரை சுமந்தவர். பையன் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கணக்கை இவருக்கு விளக்குகிறான், இவர் தலையாட்டுகிறார். அக்காவுக்கு ஏகப்பட்ட திருப்தி. பிரிண்டர் ஏதோ மக்கர் பண்ணுகிறதாம், சனிக்கிழமை தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.