ஊருணிக்கரைக் குப்பையும் 41 பக்கத் திட்டமும்

எங்கள் ஊருணியின் வடகரையில் எப்போதும் குப்பைமேடு. மழை பெய்தால் தெரு வீடுகளின் கூரைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து சேரும் ஊருணி அது, இப்போது தண்ணீரோடு எச்சில் இலையும் தெர்மாகோல் தட்டும் சேர்ந்தே இறங்குகின்றன. குப்பை அள்ளும் ஆட்களின் மேஸ்திரியிடம் கேட்டால் "திட்டத்துலயே அப்படித்தான் சார் இருக்கு" என்றார். சரி, பேரூராட்சியின் அந்தத் திடக்கழிவு மேலாண்மைத் திட்டத்தைத்தான் பார்த்துவிடுவோமே என்று 2024 ஆடி மாதம் பேரூராட்சி அலுவலகப் படியேறினேன். ஊர் பெயர் வேண்டாம், காரைக்குடிக்குப் பக்கம்தான்.

முதல் நடையில் கிளார்க், "அதெல்லாம் மேலேர்ந்து வர்றது சார்" என்று அனுப்பிவிட்டார். அடுத்த நடையில் செயல் அலுவலர் இல்லை. அவருக்கு இன்னொரு பேரூராட்சியும் கூடுதல் பொறுப்பாம், செவ்வாயும் வியாழனும்தான் இங்கே. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு அரைநாள் லீவு மிச்சம்.

அப்புறம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மனுவை நேரில் கொடுத்தால் நகலில் சீல் வைத்துத் தர மாட்டேன் என்று கிளார்க் சொன்னதால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டையோடு. அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள், 30 நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி. ஆனால் நான் செய்த முட்டாள்தனம் வேறு. "திட்டத்தை ஏன் மறுஆய்வு செய்யவில்லை?" என்று கேட்டிருந்தேன். 29ஆவது நாள் பதில் வந்தது: விளக்கம் கேட்பது தகவல் ஆகாது. எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. ஏன், எதற்கு என்றெல்லாம் எழுதாதீர்கள், நகல் கேளுங்கள். இரண்டாவது மனுவில் திட்டத்தின் நகல், பேரூராட்சி மன்றத்தில் அது கடைசியாக வைக்கப்பட்ட தீர்மானத்தின் நகல், அப்போதைய விதிப்படி ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகவேண்டியிருந்த ஆண்டறிக்கையான படிவம் 4, இந்த மூன்றை மட்டும் கேட்டேன். பக்கத்துக்கு 2 ரூபாய், 41 பக்கம், 82 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. நூறு ரூபாய்த் தாளோடு போனால் சில்லறை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், அது தனி நடை.

கையில் வந்ததைப் படித்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மக்கள்தொகை 2011 கணக்கு. பக்கம் 17இல் "கடற்கரையில் சேரும் கழிவுகளைத் தினமும் அகற்றுதல்" என்று ஒரு பத்தி. செட்டிநாட்டில் ஏதய்யா கடற்கரை? எங்கோ கரையோர ஊருக்கு எழுதியதைப் பெயர் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். வடகரை மட்டும் சரியாக இருந்தது: "தற்காலிகச் சேகரிப்பு இடம்." மேஸ்திரி பொய் சொல்லவில்லை.

வார்டு கவுன்சிலர் அக்காவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், மன்றத்தில் வைத்தார், திருத்தம் நிறைவேறியது. வடகரை பட்டியலிலிருந்து போய்விட்டது, வண்டி இப்போது நேராக, குப்பையைத் தரம் பிரிக்கும் வளம் மீட்புப் பூங்காவுக்குப் போகிறது. கரையில் நின்று மூக்கைப் பொத்தாமல் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன், அதுவே பெரிய விஷயம்.

கல்யாண விஷயத்தில்தான் தோற்றேன். அப்போது நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சியிடம் சொல்ல வேண்டியிருந்தது. பெரிய வீடுகளில் ஒரு முகூர்த்தத்துக்கு விழும் இலையை நினைத்து இதையும் திட்டத்தில் சேர்க்கச் சொன்னேன். எதிர்வீட்டு ஆச்சி காதுக்கு எட்டிவிட்டது. "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நான் எதுக்கப்பா ஆபீஸ்ல போய்ச் சொல்லணும்?" மன்றத்திலும் அதே பேச்சுதான் போல, அந்த வரியைச் சேர்க்கவில்லை.

திருத்திய நகலைப் போன மாதம் வாங்கிப் பார்த்தேன். இந்தத் தடவை சரியான சில்லறையோடு போனேன். கடற்கரை இன்னும் பக்கம் 17இலேயே இருக்கிறது.