மிலிட்டரிக்காரர் வீட்டு நாட்குறிப்பு

22 ஜூன் 2024, சனி. காரமடை

மூன்று நாளாகத் தூறல். தெற்குத் தோட்டம் நசநசவென்று கிடக்கிறது. சோளத்தட்டு விதைக்க டிராக்டர்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். காலை ஏழு மணிக்கே கலப்பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். அப்புச்சி (அம்மாவின் அப்பா) திண்ணையிலிருந்து எழுந்து போய் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு வேண்டாமுங்க தம்பி. பதம் வரல. இப்ப ஓட்டுனா கட்டி கட்டியாப் பேத்துக்கும்."

டிராக்டர்காரர் முகம் சுண்டிப்போனது. இனிமேல் வியாழக்கிழமைதான் வருவாராம். டீசலுக்குக் காசு கொடுத்து அனுப்பினேன். "எதுக்கெடுத்தாலும் வேண்டாம்தான்" என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. 77 வயசு. காது மட்டும் இன்னும் சிப்பாய்க் காது.

"மானெக்‌ஷா தளபதி சொன்னாரே, அதுதான் கண்ணு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சந்தகை சாப்பிடப் போய்விட்டார்.

23 ஜூன், ஞாயிறு

சாயங்காலம் கரண்ட் போனது. நேற்றுப் பாதியில் விட்டதைக் கேட்டேன்.

அப்புச்சி மதராஸ் ரெஜிமெண்ட். வெலிங்டனில் பயிற்சி, 71 சண்டையில் கிழக்குப் பக்கம், ஹவில்தாராக வெளியே வந்தார். ஊரில் இன்றைக்கும் எங்கள் வீடு மிலிட்டரிக்காரர் வீடுதான்.

1971 ஏப்ரலில், அப்போது பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியாக இருந்த இன்றைய வங்கதேசத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். இந்திரா காந்தி ராணுவத் தளபதியைக் கூப்பிட்டு, அங்கே படையை இறக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாராம் மானெக்‌ஷா. பஞ்சாப் பக்கம் கோதுமை அறுப்பு, ரயிலெல்லாம் தானியத்துக்கு வேண்டும். கொஞ்ச நாளில் மழை பிடித்தால் கிழக்கு வங்காளத்து ஆறு ஒவ்வொன்றும் கடல். வடக்கே இமயமலைக் கணவாய்கள் திறக்கிற நேரம், சீனாக்காரன் இறங்கினாலும் இறங்குவான். வேண்டுமானால் ராஜினாமாவை வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னதாக அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். (அரசாங்கமே அப்போது அவசரப்படவில்லை, இவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்கிற வரலாற்றாசிரியர்களும் உண்டு. அதை அப்புச்சியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.)

"அந்த மழையில நாங்க எல்லையில கெடந்தோம். லாரி ஒண்ணு அச்சு வரைக்கும் எறங்கிருச்சு, முப்பது பேர் சேர்ந்து தள்ளுனம். அசையல. அப்ப சண்டைன்னு எறக்கியுட்டிருந்தா நானும் இல்ல, உங்கம்மாளும் இல்ல, நீயும் இல்ல." டிசம்பரில் சேறு காய்ந்து, கணவாயில் பனி மூடியது. 3ஆம் தேதி தொடங்கிய சண்டை 16ஆம் தேதி முடிந்துவிட்டது. 93,000 பேர் கைதி.

சரணடைதலை வாங்கிக்கொள்ள டாக்காவுக்கு மானெக்‌ஷாவையே போகச் சொன்னார்களாம். அது கிழக்குக் கமாண்டர் அரோராவுக்குச் சேர வேண்டிய மரியாதை என்று போகவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அப்புச்சி குரல் ஒரு மாதிரி ஆகிவிடும்.

24 ஜூன், திங்கள்

வேலை. எழுத ஒன்றுமில்லை. மழை இல்லை.

25 ஜூன், செவ்வாய்

27ஆம் தேதி மானெக்‌ஷா நினைவு நாள். ஊட்டியில் அவரை அடக்கம் செய்த பார்சி மயானத்துக்குப் போய் வரலாமா என்று நானாகவே கேட்டேன். சனிக்கிழமை முணுமுணுத்ததற்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்புச்சிக்குச் சந்தோசம். நீலகிரிக்கு இப்போது இ-பாஸ் வேண்டுமே, போனில் எடுத்துவிட்டேன். "நான் சிப்பாயா ஏறுன மலைக்கு எனக்கே பாஸா?" என்று சிரித்தார்.

ராத்திரி பர்மா கதை. 1942இல் சிட்டாங் ஆற்றுப் பக்கம் ஜப்பான்காரன் சுட்டதில் மானெக்‌ஷா உடம்பில் பல குண்டு. பிழைக்க மாட்டார் என்று நினைத்துத்தான் டிவிஷன் தளபதி தன் சட்டையிலிருந்த வீரப் பதக்கத்தை, மிலிட்டரி கிராஸைக் கழற்றி இவருக்குக் குத்தினாராம். என்ன ஆச்சு என்று கேட்ட டாக்டரிடம் "கோவேறு கழுதை உதைச்சிருச்சு" என்று சொன்னதாகக் கதை. எல்லோரும் அந்தக் கழுதையோடு நிறுத்திவிடுவார்கள். அப்புச்சி நிறுத்த மாட்டார். "தூக்கிக்கிட்டு வந்த சிப்பாய் பேரு சேர் சிங். எழுதிக்கோ." எழுதிவிட்டேன்.

26 ஜூன், புதன்

2008 ஜூன் 27 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தேன். வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மானெக்‌ஷாவுக்கு நள்ளிரவு தாண்டி உயிர் போய்விட்டது, 94 வயசு என்று செய்தி ஓடியது. அப்புச்சி வெள்ளைச் சட்டை போட்டு, மெடல் குத்தி, பஸ் ஏறிவிட்டார். அம்மிச்சி கொடுத்த குடையை வாங்கிக்கொள்ளவில்லை. ராத்திரி தொப்பலாக நனைந்து வந்தார். மனைவி சிலூவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம். முப்படைத் தளபதிகளில் ஒருத்தரும் வரவில்லை, பிரதமர் வரவில்லை, டெல்லியிலிருந்து வந்தது ஓர் இணையமைச்சர். மூன்று நாள் அப்புச்சி யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அம்மிச்சிதான், "போறவிய போனாங்க, வராதவியளுக்காக இவுரு சோறு திங்காம இருக்காரு" என்றார்.

ராணுவத்தின் உச்சப் பதவியான ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, சாகும் வரை சம்பளம் உண்டு. மானெக்‌ஷாவுக்கு அந்தப் பாக்கி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல், 2007இல்தான் கைக்கு வந்தது. 73இல் கொடுத்த பட்டத்துக்கு! தன் பென்சனில் ஒரு திருத்தத்துக்காக அப்புச்சி வருசக்கணக்கில் அலைந்தபோது இதைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டார்: "அவுருக்கே 34 வருசம். நான் ஹவில்தாருதான?"

27 ஜூன், வியாழன்

ஐந்து மணிக்கு எழுந்து காரைத் துடைத்துவிட்டேன். அப்புச்சியைக் காணோம். தெற்குத் தோட்டத்தில் இருந்தார். கையில் மண். உருட்டி, தரையில் போட்டார், உதிர்ந்தது.

"டிராக்டருக்குப் போன் பண்ணு."

"ஏனுங்கப்புச்சி, ஊட்டி?"

"ஊட்டி நாளைக்கும் அங்கதான் இருக்கும். இந்தப் பதம் இருக்காது."

"இ-பாஸ்?"

"கெடக்கட்டும்."

எட்டு மணிக்குக் கலப்பை இறங்கியது. மண் புட்டு மாதிரி விழுந்தது. டிராக்டர்காரரே திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். வெள்ளைச் சட்டையில், மெடலோடு, அப்புச்சி வரப்பில் நின்றிருந்தார். மலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். மேகம், ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டாஞ்சால் சித்தெ ஆழமா ஓட்டச் சொல்லு" என்றார்.