பக்கத்துப் பெட்டிக்காரர்

எங்கள் காரைக்குடிப் பக்கத்துக்கு இன்டர்ன்ஷிப் ஒன்றும் புதுசு இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய காலத்தில், மீசை முளைக்காத பையனைக் கப்பலேற்றிப் பெட்டியடிப் பையனாக உட்கார வைப்பார்கள். எடுபிடி வேலையில் தொடங்கி, கணக்கெழுதப் பழகி, அடுத்தாளாகி, கெட்டிக்காரன் என்றால் ஒருநாள் கடையையே பார்க்கும் மேலாளாகவும் ஆகலாம். கிட்டங்கி என்ற ஒரே நீளக் கூடத்தில் பல கடைகளின் பணப்பெட்டிகள் வரிசையாக இருக்கும். பையன் எப்படிப்பட்டவன் என்று ஊரில் இருக்கும் முதலாளிக்குத் தெரியும் முன்பே பக்கத்துப் பெட்டிக்காரருக்குத் தெரிந்துவிட்டிருக்கும்.

இன்று பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் மேலதிகாரியை மட்டுமே பார்க்கிறார்கள். அவருக்கு வருஷாவருஷம் ஆள் வந்து போகும், பெயர்கூட மனசில் நிற்காது. பின்னால் வேலைக்கு வழி காட்டுவது பக்கத்தில் இருப்பவர்கள்தான்.

ஆர்க்கிடெக்சர் படிக்கும்போது, பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கும் ஓர் ஆபீஸில் இருந்தேன். வளவு என்கிற உள்முற்றத்தையும் முகப்பையும் அளந்து பிளான் போடுவதுதான் கொடுத்த வேலை. அதை முடித்துவிட்டு தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல் செய்கிற பட்டறையில் போய் நிற்பேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் கலவை போட்டு அமுக்குவார்கள். காய்ந்து தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடி தனியாக வந்துவிடும், அந்தப் பக்கம்தான் பளபளப்பு. எந்த டிசைனுக்கு இப்போது அச்சு இல்லை, புதுசாகச் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று மேஸ்திரியிடம் கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் போட்டேன். ஆபீஸுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. படிப்பு முடிந்ததும் முதலில் கூப்பிட்டது ஆபீஸ் இல்லை, அந்தப் பட்டறையில் கல் வாங்க வந்த காண்ட்ராக்டர். "பட்டியல் போட்டுக் கொடுத்த தம்பியா?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.

காரைக்குடியில் இருக்கும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரிக்கு ப்ராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்கிறேன். கைடு பெரியவர், சரி. ஆனால் எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்பது பக்கத்து மேசை பிஎச்டி அக்காவுக்கும் லேப் டெக்னீஷியனுக்கும்தான் முதலில் காதுக்கு வரும்.

கிளம்பும்போது சர்டிபிகேட்டில் "பயிற்சி முடித்தார்" என்பதோடு விடாமல், செய்த வேலையை ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

ஆறு மாசம் கழித்துத் திடீரென்று "சார், வேகன்சி இருக்கா?" என்று மெசேஜ் போட்டால் எரிச்சல்தான் வரும். நடுவிலேயே, "அண்ணே, நீங்க சொன்ன சுண்ணாம்புப் பூச்சை வச்சு காலேஜ்ல ஒண்ணு பண்ணினேன், பாருங்க" என்று போட்டோவோடு அனுப்புங்கள், பதில் வரும். லிங்க்ட்இன்னில் இல்லை, வாட்ஸ்அப்பில். மேஸ்திரிகள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்.