புல்லுக்குளத்தடிப் பழைய படங்கள்: ஸ்கான் வேலை இதுவரை

யாழ்ப்பாண நகரில் சுப்பிரமணியம் பூங்கா, புல்லுக்குளம், முற்றவெளிப் பக்கம் எடுத்த குடும்பப் படங்கள்தான் இந்தமுறை. ஊஞ்சலும் பிள்ளைகளும் முன்னுக்கு நிற்பார்கள். எங்களுக்கு வேண்டியது பின்னால் தெரிகிற கட்டடமும் மரமும் கடைப்பலகையும். அதனால் ஒரு படத்தின் ஓரத்தையும் வெட்டுவதில்லை, வெள்ளைக்கரை உட்பட முழுவதும் ஸ்கான். பின்பக்கம் முத்திரையோ பேனை எழுத்தோ இருந்தால் அதற்கும் ஒரு ஸ்கான்.

கூடக் கரைச்சல் தந்தது ஒட்டும் ஆல்பங்கள். பிளாஸ்ரிக் தாளை மெல்லத் தூக்கி, மெழுகில்லாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, அறுக்கிற மாதிரி இழுக்கவேண்டும். மூலையில் பிடித்து உரித்தால் படம் மடிந்து, மேற்பூச்சு வெடித்துவிடும். அசையாவிட்டால் ஹெயார் டிரையரைக் குறைந்த சூட்டில் தாளின் பின்புறம் சில விநாடி பிடித்தால் பசை இளகும்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைக் கழற்ற வெளிக்கிடவே கூடாது. ஈரப்பதனில் படத்தின் மேற்பூச்சான ஜெலற்றின் ஊறி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது; இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கானரில் கவிழ்த்து வையுங்கள். மெல்லிய சி.ஐ.எஸ் வகை ஸ்கானர் இதற்கு உதவாது. 2 மி.மீ. உயர்ந்தாலே மங்கிவிடும். உள்ளே லென்ஸ் வைத்த, தடித்த சி.சி.டி வகை சமாளிக்கும். இரண்டும் சரிவராவிட்டால் கமராவை நேர் மேலே நிறுத்தி, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து எடுக்கலாம்.

அச்சுப்படத்துக்கு 600 டி.பி.ஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) தாராளம். அகலமான 120 சுருள் பிலிம் நெகற்றிவுக்கு 2400, கசற்றில் வந்த சின்ன 126 நெகற்றிவுக்கு 3200. எல்லாம் தரம் குறையாத டிஃப் கோப்பாக, நிறப்படமென்றால் 48 பிற்றில். பட்டுத்துணி நெசவு போல் சொரசொரப்பான தாளில் புள்ளி புள்ளியாக மினுங்கும். ஒருக்கா நேராகவும் ஒருக்கா 180 பாகை திருப்பியும் ஸ்கான் செய்து, இரண்டையும் ஜிம்ப் என்ற படத்திருத்தச் செயலியில் பொருத்தி, மேல் அடுக்கை 50 வீதமாக்கினால் பெரும்பாலும் அடங்கும்.

எழுபதுகளின் நிறப்படங்கள் சிவந்து கிடப்பது சயான் (பச்சைநீல) சாயம் வெளிறியதால். ஓட்டோ திருத்தம் வானத்தை ஊதாவாக்குகிறது. ஜிம்பின் லெவல்ஸ் கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே இழுத்து, யாராவது கட்டியிருக்கிற வேட்டியை வெள்ளைக்கு அளவாக வைப்பதே நல்லது. கறுப்பு வெள்ளைக்கு நிறம் பூசும் செயலிகளை நாங்கள் தொடுவதில்லை. இல்லாத நிறத்தை இருந்ததாகக் காட்டிவிடும்.

படம் எடுத்த காலத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் சுவையான வேலை. மணிக்கூட்டுக் கோபுரம் 1882 இலேயே வந்துவிட்டதால் அது தெரிந்தும் பிரயோசனமில்லை. பொதுநூலகக் கட்டடம் திறந்தது 1959 இல். அது முழுதாகத் தெரிந்தால் கீழ் எல்லை, அதாவது எந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்பது, ஓரளவு கிடைக்கும். 1981 இல் எரிந்து, பிறகு பழைய தோற்றத்திலேயே திருத்திக் கட்டினபடியால் மேல் எல்லைக்கு வேறு தடயம் வேண்டும். சதுரப் படம் எல்லாம் 1963 இல் வந்த, 126 பிலிம் போடும் இன்ஸ்ரமற்றிக் கமராப் படம் என்று அவசரப்படக்கூடாது. 120 பிலிமிலும் சதுரம் உண்டு. நெகற்றிவ் இருந்தால் பிரச்சினையில்லை: 126 இல் ஒரு படத்துக்கு ஒரு துளை, 120 இல் துளையே இல்லை.

மாதத்தைக் கண்டுபிடிக்க நிழலைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். திசை தெரிந்த கட்டடம் ஒன்று படத்தில் அகப்பட்டால் கோடை விடுமுறைப் படமா, தைப்பொங்கல் படமா என்று பிரித்துவிடலாம்.