இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அடுத்த வாரமே அப்பாவுக்குப் பக்கவாதம். வலக் கை, வலக் கால், பேச்சு மூன்றும் போயின. பாம்பன் வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் சொன்னார்: “இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் படுக்கைப் புண் வரும்.” அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். கடற்பாசி எடுக்க மூழ்கி மூழ்கித் தோள் தேய்ந்தவள் அவரை எப்படிப் புரட்டுவாள்? 61 நாள் தடை முடியும்வரை கரையில் இருக்கப்போகிறவன் நான்தான்.

இரவில் விழிப்பது சிரமமில்லை. விசைப்படகில் இழுவைமடி வலையை இறக்கிவிட்டு, குட்டித் தூக்கம் போட்டு எழுந்து ஏற்றிப் பழகிய உடம்பு. கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. காற்று, நீவாடு என்னும் கடல் நீரோட்டம், இறால் விலை தவிர அப்பாவும் நானும் எதுவும் பேசியதில்லை. முதல் நாள் உடம்பு துடைக்கையில் அவர் சுவரைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அரைகுறையாக விட்டதை அம்மா மறுபடி துடைத்தாள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வந்த பிசியோதெரபி சகோதரி என்னைத் திட்டியே கற்றுக்கொடுத்தார். பலமிழந்த கையைக் கயிறுபோல் இழுத்துக்கொண்டிருந்தேன், தோள்மூட்டு இறங்கிவிடுமாம். கஞ்சி நீர்த்திருந்தால் புரையேறும். நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியாக, சிறு கரண்டியில் கொடுத்து, விழுங்கிய பிறகே அடுத்த வாய். எனக்கு அந்தப் பொறுமை ஏது? ஒருநாள் “சீக்கிரம் விழுங்குங்கள்” என்று கத்திவிட்டேன். அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கரையேற்றிய வள்ளத்தின் மறைவில் போய் நானும் அழுதேன். திரும்பி வந்து, “எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா” என்றேன். இடக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கஞ்சி ஆறிப்போனது.

பக்கவாதம் வந்தவர்களுக்கு அப்படி அடக்க முடியாத அழுகை வருவதுண்டு என்றார் சகோதரி. இருக்கலாம். நான் அழுததற்கு எந்த நரம்பைச் சொல்வது?

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்தது. கடலுக்குப் போகும் முதல் நடைக்குப் படகு டிரைவர் அண்ணன் கூப்பிட்டார். முன்பென்றால் இடுப்பு வலி என்று சொல்லியிருப்பேன். “அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும், அடுத்த நடைக்கு வருகிறேன்” என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் கரை திரும்பியதும் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய அம்மாவும் படுக்கையில்தானாம்.

“ஒருக்களித்துப் படுக்க வைத்தால் கால் நழுவுகிறது தம்பி.”

முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைக்கச் சொன்னேன்.