ரச வாளி

நேற்று பாம்பனில் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் பக்கத்தில் இருந்த மாமா, பரிமாறிய பையனின் பேச்சைக் கேட்டுவிட்டு, "மண்டபம் கேம்ப் அகதி. இவனுகளை உள்ளே விட்டா ஒரு சாமான் மிஞ்சாது" என்று சிரித்தார். கையில் ரச வாளியோடு நின்றவனுக்கும் கேட்டிருக்கும்.

"அப்படிப் பேசாதீங்க மாமா" என்றேன். அவ்வளவுதான், வரிசையே அமைதியாகிவிட்டது. அம்மா கண்ணாலேயே அதட்டினார்.

1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்களின் பேரனாக இருப்பான். அந்த முகாமே வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஆட்களைச் சிலோன் தோட்டங்களுக்கு அனுப்புமுன் நிறுத்திவைத்த இடம்தான். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். நா எழவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு.

கிளம்பும்போது மாமா, "என்ன மாப்ள, பெரிய ஆளாயிட்ட" என்றார். பையன் வெற்றிலைத் தட்டை நீட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.