மாவுக்கடைக்கு எத்தனை மூட்டை இருப்பு வேண்டும்?

பெங்களூரில் இட்லி மாவு அரைத்து விற்கும் நம்மவர்கள் பலர் சராசரியை வைத்தே அரிசி ஆர்டர் சொல்கிறார்கள். தினம் 60 கிலோ ஓடும், சேலத்திலிருந்து சரக்கு வர 3 நாள், ஆகவே 180 கிலோ மிச்சமிருக்கும்போது போன் போட்டால் போதும் என்று கணக்கு. ஒரு லாரி தாமதமானால் கிரைண்டர் நின்றுவிடும். பகலில் பெரிய வண்டிகளுக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடு வேறு இருக்கிறது. காலையில் எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிய லோடு கடைக்கு வர இரவாகிவிடலாம்.

கடந்த 3 மாத பில்களை எடுங்கள். ஆர்டர் சொன்ன தேதி, மூட்டை இறங்கிய தேதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சரக்கு வர எடுத்த அதிகபட்ச நாள் 6, ஒரு நாளின் அதிகபட்ச ஓட்டம் 80 கிலோ என்று வந்தால், 6 × 80 = 480 கிலோ. இருப்பு அந்த அளவுக்கு இறங்கியதுமே ஆர்டர் போக வேண்டும். அதில் 180 வழக்கமான தேவைக்கு, மீதி 300 பாதுகாப்பு இருப்பு. 26 கிலோ மூட்டையில் மொத்த 480 கிலோ என்பது சுமார் 19 மூட்டை. (25 கிலோ வரையுள்ள லேபிள் பைக்கு 2022 ஜூலை 18 முதல் 5% ஜிஎஸ்டி வந்தது. 26 கிலோ மூட்டை பெருகியது அதனால்தான்.) வழியில் இருக்கும் லோடையும் இருப்போடு கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே தேவைக்கு இரண்டு முறை ஆர்டர் போகும்.

அரிசியைவிட அதிகம் கவனிக்க வேண்டியது பிரிண்ட் போட்ட கவர். விலை குறைவு என்பதால் யாரும் எண்ணுவதில்லை. ஆனால் அரிசியை அவசரத்துக்கு யஷ்வந்தபுரம் யார்டில் (மொத்தச் சந்தையில்) வாங்கிவிடலாம், உங்கள் பெயரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண்ணும் அச்சிட்ட கவரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதற்காக ஒரு வருடத்துக்கு அடித்து வைக்கவும் வேண்டாம். முகவரியோ உரிம எண்ணோ மாறினால் அத்தனையும் வீண். விலையையும் தேதியையும் கவரில் அச்சிடாமல், பேக் செய்யும்போது முத்திரையாகப் போடுங்கள்.

பண்டிகைக்கு முன் இன்னொரு சிக்கல். 50 பாக்கெட் விற்கும் கடை, கிடைக்காமல் போகுமோ என்று 80 கேட்கும். அதைப் பார்த்து நீங்கள் 100க்கு அரிசி சொல்வீர்கள். மண்டிக்காரர் இன்னும் கூட்டுவார். பண்டிகை முடிந்ததும் எல்லாம் தேங்கும். கடைக்காரரிடம் ஆர்டரை மட்டும் கேட்காமல், நேற்று எத்தனை விற்றது, ஃபிரிட்ஜில் எத்தனை மிச்சம் என்று தினமும் கேட்டு எழுதுங்கள்.

உளுந்தை மட்டும் எப்போதும் குறைவாக வையுங்கள். பழைய உளுந்து பொங்காது, அதே அளவு உளுந்துக்கு மாவு குறைவாகவே வரும். மூட்டை வந்த தேதியை மார்க்கரில் எழுதி, புதியதைப் பின்னால் அடுக்குங்கள்.